எட்டு மாதமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள்

செப்டம்பர் 4, 2023, திங்கள்

கடிதம் எழுதப்பட்ட நாள் 1999 ஜூன் 12. இது இன்று உறுதியானது. ஆதாரம், கடிதத்தின் வலது மேல் மூலையில் இருக்கும் 'ஹஸிரான்' என்ற சொல். துருக்கியில் அது ஜூன் மாதத்தின் பெயர் என்று இன்றைய வகுப்பில் டீச்சர் சொன்னார். பக்கத்தில் 12 என்றும் 1999 என்றும் இருப்பதைப் படிக்க மொழி தேவையில்லை. இத்தனை நாளும் ஹஸிரான் என்பது ஏதோ ஓர் ஊர் என்று நினைத்திருந்தேன்.

விவரத்தை ஒருமுறை வரிசையாக எழுதிவைக்கிறேன். 1998 செப்டம்பர் 23 அன்று கருங்கடலில், துருக்கிக் கரைக்கு அருகே, 'அல்டினா' என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. கப்பலில் பதினான்கு பேர். அவர்களில் ஒருவர் தூத்துக்குடி ஜெரால்டு கொரைரா, வயது முப்பத்தொன்று, என்ஜின் அறையில் வேலை. மனைவி பெயர் டெல்பின். கைக்குழந்தை ஒன்று. இரண்டு நாள் கழித்து எங்கள் நாளிதழில் என் பெயரோடு முதல் பக்கத்தில் செய்தி வந்தது: 'தூத்துக்குடி மாலுமி உயிருடன் மீட்பு.' மறுநாள் கப்பல் கம்பெனி மீட்கப்பட்ட ஆறு பேரின் பட்டியலை வெளியிட்டது. அதில் ஜெரால்டு பெயர் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. நான் அந்தப் பகுதித் துறைமுக அதிகாரிக்குப் பத்திரிகையின் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன். அடுத்த வருடம் ஜூலையில் பதில் வந்தது. நான்கு பக்கம், கையெழுத்தில், துருக்கி மொழியில். படிக்க ஆள் கிடைக்காமல் கோப்பில் தங்கிவிட்டது.

டெல்பினுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. பேக்கரியில் மக்ரூன் பொட்டலம் போடுகிறார். கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்காக அவர்களுடைய பங்குக் கோயிலில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெயர்க்கல் வைக்கிறார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று தீர்த்தம் தெளித்து அதை மந்திரிப்பார்கள். பெயர் கொடுக்க அக்டோபர் 25 கடைசி. ஜெரால்டு பெயரைச் சேர்க்கலாமா என்று பங்குச் சாமியார் கேட்டதற்கு, "மந்திரமூர்த்தி அண்ணாச்சியைக் கேட்டுட்டுச் சொல்றேன் ஃபாதர்" என்று டெல்பின் சொல்லியிருக்கிறார். மந்திரமூர்த்தி நான்தான். மே மாதம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். ஜூனில் நான் துருக்கி வகுப்பில் சேர்ந்தேன்.

காலையில் ரேஷன் கடை. பாமாயில் வரவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

வகுப்பு காயல்பட்டினத்தில், ஜுலைஹா டீச்சர் வீட்டு முன் அறையில். திங்களும் வியாழனும் நாலு மணிக்கு. திருச்செந்தூர் பஸ்ஸில் போய் இறங்கி நடக்க வேண்டும். டீச்சருக்கு நாற்பத்தைந்து இருக்கும். கணவர் துருக்கியில் பர்சா நகரத்தில் துணி வியாபாரம் செய்தார். பன்னிரண்டு வருடம் அங்கே குடியிருந்துவிட்டு வந்தவர்கள். மாணவர்கள் இரண்டே பேர். நான், அப்புறம் ஜக்கரியா காக்கா; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் துருக்கியிலிருந்து பளிங்குக் கல் தருவிக்கிறார். இருபது வருடமாகக் கையைக் காட்டியே வியாபாரம் நடத்திவிட்டாராம்.

"எனக்காவது கல்லு வாங்கணும். நிருபர் சாருக்கு இந்த பாஷை என்னத்துக்கு?" என்று கேட்டார்.

பொழுதுபோக்கு என்றேன்.

"பொழுதுபோக்க முப்பது கிலோமீட்டர் பஸ்ல நின்னுக்கிட்டு வர்ற ஆளை இப்பத்தான் பார்க்கேன்."

போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு வசதியையும் முயன்றுதான் பார்த்தேன். அச்செழுத்தைப் படிக்கிறது. இந்தக் கையெழுத்தைக் காட்டினால், 'கோழி ஈரமான அமைச்சகம்' என்கிறது. டீச்சரிடம் கடிதத்தைக் காட்டலாம். நானே படித்தால்தான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 11, திங்கள்

இன்றைய பாடம், ஒரு வேலை எவ்வளவு நாளாக நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்வது.

"இங்கிலீஷ் வழியா இதைப் படிக்கிறவங்களுக்குத் தலைவலி," என்றார் டீச்சர். "நமக்கு ஒரு கஷ்டமும் இல்லை. 'மூணு வருஷமா இங்க இருக்கேன்'னு சொல்றோம்ல? அந்த 'மா' இருக்குல்ல, அதான் அவங்களுக்கு 'தர்'. ஊச் யல்தர் புராதாயம். மூணு வருஷமா இங்க இருக்கேன். எழுதிக்குங்க."

தொடங்கிய நேரத்தைச் சொல்வதென்றால் வேறு வழி. 'காலையிலிருந்து' என்பதற்கு 'சபாஹ்தன் பெரி'. எவ்வளவு நாளாக என்று கேட்க 'நெ ஸமந்தர்'. நம்முடையதைப் போலவே கால அளவு முன்னால் வருகிறது. வினை கடைசியில் நிகழ்காலத்தில் வந்து உட்காருகிறது.

"ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. வேலை இன்னும் நடந்துக்கிட்டு இருந்தாத்தான் 'தர்'. முடிஞ்சு போனதுக்கு வைக்கக் கூடாது. நான் பர்சாவுல பன்னிரண்டு வருஷம் இருந்தேன். இப்ப இல்லை. அதனால அங்க வெறும் பன்னிரண்டு வருஷம்தான்."

ஜக்கரியா காக்கா கையைத் தூக்கினார். "என் வீட்டுக்காரி இருபது வருஷமா கோவமா இருக்கா. 'தர்' வைக்கலாமா டீச்சர்?"

"தாராளமா வைக்கலாம் காக்கா. வேணும்னா நானே எழுதித் தாரேன், கொண்டுபோய்க் காட்டுங்க."

வீட்டுப்பாடம்: தன்னைப் பற்றி இப்படிப் பத்து வாக்கியம்.

செப்டம்பர் 12, செவ்வாய்

மின்தடை, காலை ஒன்பது முதல் இரண்டு வரை. முடி வெட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 13, புதன்

நாற்பத்தொரு வருடமாக வடிவுடன் வாழ்கிறேன். பத்து வருடமாக ஓய்வில் இருக்கிறேன். ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஜூனிலிருந்து துருக்கி படிக்கிறேன். இப்படி ஒன்பது வாக்கியம் அரை மணி நேரத்தில் முடிந்தது. பத்தாவதாக 'இருபத்துநான்கு வருடமாக' என்று எழுதினேன். அதற்குமேல் போகவில்லை.

வடிவு எட்டிப்பார்த்து, "பரீட்சை எப்ப?" என்றாள்.

செப்டம்பர் 14, வியாழன்

டீச்சர் நோட்டைத் திருத்தினார். ஒன்பது சரி. பத்தாவதற்குக் கீழே சிவப்பில் எழுதியிருக்கிறார்: 'வினை எங்கே சார்?'

செப்டம்பர் 23, சனி

கப்பல் மூழ்கி இன்றோடு இருபத்தைந்து வருடம். வருடா வருடம் வருவதுபோல டெல்பின் வந்தார். கையில் அரைக்கிலோ மக்ரூன். எனக்குச் சர்க்கரை என்று தெரியும். "மதினிக்குத்தான்" என்று சொல்லி வடிவிடம் கொடுத்தார்.

முன்பெல்லாம் மாதாமாதம் அலுவலகத்துக்கு வருவார். பிறகு வருடத்துக்கு ஒருமுறை. கைப்பையில் அந்தச் செய்தியை லேமினேட் செய்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். இன்று அதை வெளியே எடுக்கவில்லை.

"ஃபாதர் மறுபடி கேட்டாங்க அண்ணாச்சி. நான் உங்களை அவசரப்படுத்த வரலை."

"நீ என்னம்மா நினைக்கே?"

"நான் நினைக்கதுக்கு என்ன இருக்கு? உசிரோட இருக்காருன்னு பேப்பர்ல போட்டது நீங்க. இல்லைன்னு சொல்லதும் நீங்களாத்தான் இருக்கணும். மத்தவங்க சொல்லி நான் ஏன் கேக்கணும்?" என்றவர், சிரித்தார். "உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? துருக்கி வரைக்கும் எழுதிக் கேட்டவங்க நீங்க ஒருத்தர்தானே."

வடிவு காபி கொண்டுவந்தாள். பேச்சு மகள் ரின்சி பக்கம் போனது. குவைத்தில் இருக்கிறாள், அடுத்த மாதம் பிரசவம். 2019இல் அவள் கல்யாண அழைப்பிதழை டெல்பின் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் கொடுத்தார். 'ஜெரால்டு கொரைரா – டெல்பின்' என்று இருவரும் அழைப்பதாக அச்சிட்டிருந்தது. ஜெரால்டு பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' இல்லை. மெய்ப்புத் திருத்திப் பழகிய கண் முதலில் அங்கேதான் போனது. நல்ல கார்டு என்று சொன்னேன்.

கல்லறைத் திருநாளுக்கு டெல்பின் தன் அம்மா கல்லறைக்கு மெழுகுவர்த்தி வாங்கும்போது ஒன்று அதிகமாக வாங்குவாராம். அதைப் பற்றவைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இன்று வடிவிடம் சொல்லியிருக்கிறார். வடிவு எனக்குச் சொன்னாள்.

"அந்தப் பிள்ளை உங்க வாயைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. ஏதும் தெரிஞ்சா சொல்லித் தொலைங்களேன்."

தெரிந்தால் சொல்லமாட்டேனா என்றேன்.

அக்டோபர் 5, வியாழன்

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி பிடிபட்டது. எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து நோட்டில் எழுதிக்கொண்டு போய், இணையத்தில் பார்த்ததாகச் சொல்லி டீச்சரிடம் கேட்டேன். வாக்கியம்: 'செகிஸ் அய்தர் சாக்லியோருஸ்.'

"எட்டு மாசமா பத்திரமா வச்சிருக்கோம்," என்றார். "நல்ல வாக்கியம் சார். நம்ம பாடத்துக்குப் பொருத்தமா எடுத்திருக்கீங்க."

எதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பது முந்தைய வரியில் இருக்கிறது. அந்த வரியில் மடிப்பு விழுந்திருக்கிறது.

பேட்டி எடுக்கும்போது இந்த உத்தி உண்டு. முழுச் செய்தியையும் சொல்லாமல் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டைக் கேட்டு வாங்குவது. பதில் சொல்பவருக்குத் தாம் எதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாது.

அக்டோபர் 9, திங்கள்

இன்றைய துண்டு: 'ஒன் தொகுஸ் கூன் பிஸிம்லெ கால்த.'

"பத்தொன்பது நாள் எங்களோட இருந்தார்," என்று சொன்ன டீச்சர், நோட்டைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். "பாருங்க, இங்க 'தர்' இல்லை. முடிஞ்சு போச்சு." வரியின்மேல் விரலை வைத்தார். "யாரு சார் இது?"

இணையத்தில் பார்த்தது என்றேன்.

"பொய் சொல்லாதீங்க சார். புத்தகத்து வாக்கியம் எனக்குத் தெரியும். அதுல அஹ்மத் ஸ்கூலுக்குப் போவான், ஆயிஷா ரொட்டி வாங்குவா. பத்தொன்பது நாள் இருந்துட்டு யாரும் போக மாட்டாங்க."

ஜக்கரியா காக்கா தம் நோட்டை மூடி வைத்தார்.

"லெட்டரா?"

ஆமாம் என்றேன்.

"கொண்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை. யாருக்கோ வந்த லெட்டரை ஒரு வரி ஒரு வரியாக் கிள்ளிக் கிள்ளிக் கேட்டுக்கிட்டு... எவ்வளவு நாளா சார் வச்சிருக்கீங்க?"

நெ ஸமந்தர். கேள்வி புரிந்தது. பதிலையும் அந்த மொழியில் சொல்லத் தெரியும். தமிழில்தான் சொன்னேன்.

"இருபத்துநாலு வருஷமாவா?" என்றார்.

அக்டோபர் 10, செவ்வாய்

வகுப்பு இல்லை. மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

செப்டம்பர் 4 குறிப்பில் இரண்டு பிழை இருக்கிறது. திருத்தி எழுதுகிறேன்.

ஒன்று. 'படிக்க ஆள் கிடைக்காமல் கோப்பில் தங்கிவிட்டது' என்று எழுதியிருக்கிறேன். கடிதம் தானாகத் தங்கவில்லை. 1999 ஜூலை 6 அன்று வந்தது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இது துருக்கி என்று சொன்னார். சென்னையில் ஆள் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான்கு நாள் கழித்து டெல்பின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் வந்தார். ஏதாவது வந்துச்சா அண்ணாச்சி என்று கேட்டார். "ஒன்னும் வரலைம்மா" என்றேன். அந்த நேரம் கடிதம் என் மேஜை டிராயரில் இருந்தது.

இரண்டு. மொழி தெரியாவிட்டாலும் அதில் ஒன்றை நான் அன்றைக்கே படித்துவிட்டேன். முதல் பக்கத்தின் நடுவில் 'ஜெரால்டு' என்று ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை வரைந்திருக்கிறது. எழுதியவருக்கு எங்களுக்குத் துருக்கி தெரியாது என்பது தெரிந்திருக்கிறது. புரியவேண்டியதை வரைந்துவிட்டார்.

காரணத்தையும் எழுதியாக வேண்டும். 'உயிருடன் மீட்பு' என்ற செய்திக்கு எனக்கு ஒரே ஓர் ஆதாரம்தான் இருந்தது. கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துக் குமாஸ்தா போனில் சொன்னது. வேறு பத்திரிகைக்குப் போய்விடும் என்று இரண்டாம் ஆதாரம் தேடாமல் கொடுத்தேன். பட்டியலில் பெயர் இல்லை என்றதும் 'முரண்பட்ட தகவல்' என்று எழுதித் தப்பித்தேன். அந்தச் செய்தியால்தான் என்னைத் தலைமை நிருபர் ஆக்கினார்கள். அப்போது இந்தச் சிலுவை வந்தது. 'செப்டம்பர் 25 அன்று நாம் வெளியிட்ட செய்தி தவறானது, வருந்துகிறோம்' என்று என் கையால் எழுத வேண்டியிருக்கும். நாளைக்கு எழுதலாம் என்று டிராயரை மூடினேன்.

அக்டோபர் 12, வியாழன்

ஜுலைஹா டீச்சர் கடிதத்தை முழுதும் படித்தார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. பிறகு தமிழில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சுருக்கம்:

எழுதியவர் நூர்ஹான், வயது முப்பத்துநான்கு, கராயாலி என்ற கரையோர ஊரின் சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். துறைமுக அதிகாரி என் கடிதத்தை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். செப்டம்பர் 24 காலையில் ஒரு மீன்பிடிப் படகு ஜெரால்டைக் கடலிலிருந்து தூக்கி வந்திருக்கிறது. உயிரோடு. நுரையீரலில் தண்ணீர் கட்டிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து ஏஜென்டுக்குத் தகவல் சொன்னார்கள். பெயரைத் தப்பாக வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. பேச்சு புரியாது என்பதால் காகிதத்தில் படம் வரைந்து காட்டுவாராம். ஒரு வீடு, ஒரு தொட்டில், தொட்டிலில் குழந்தை. பத்தொன்பது நாள் எங்களோடு இருந்தார். அக்டோபர் 12 காலையில் இறந்தார்.

தேதியைச் சொன்னதும் டீச்சர் நிறுத்தினார். சுவரில் காலண்டரைப் பார்த்தார். இன்று அக்டோபர் 12.

ஊரில் கிறிஸ்தவக் கல்லறை இல்லை. ஊர்க் கல்லறையிலேயே ஓர் ஓரத்தில் இடம் கொடுத்து, தச்சரிடம் சொல்லிப் பலகையில் பெயரும் சிலுவையும் போட்டிருக்கிறார்கள். 'அவருடைய ஜெபமாலையும் அவர் வரைந்த படங்களும் என் அலமாரியில் இருக்கின்றன. எட்டு மாதமாகப் பத்திரமாக வைத்திருக்கிறோம். எங்களிடம் அவர் கற்றுக்கொண்ட முதல் சொல் சு, தண்ணீர். காய்ச்சலில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் என் அம்மா எட்டு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் அவர் கல்லறையில் தண்ணீர் ஊற்றுகிறாள். மனைவிக்கு இதைச் சொல்லுங்கள். பதில் எழுதுங்கள். காத்திருக்கிறோம்.'

எனக்கு ஒன்று புரிய நேரம் ஆனது. குமாஸ்தா எனக்குச் சொன்னது ஆஸ்பத்திரித் தகவல்தான்; பெயர் தப்பானதால் கம்பெனிப் பட்டியலில் ஏறவில்லை. செப்டம்பர் 25 அன்று நான் வெளியிட்ட செய்தி சரி. அன்றைக்கு ஜெரால்டு உயிரோடுதான் இருந்தார். திருத்தம் எழுதத் தேவையே இருக்கவில்லை. இந்தக் கடிதத்தைத் தமிழாக்கி அந்தப் பெண்ணிடம் கொடுப்பது மட்டும்தான் என் வேலையாக இருந்தது.

டீச்சர் கடிதத்தை மடித்தார். "நல்லாப் படிக்கிறீங்க, நல்லா எழுதுறீங்க சார். இதுக்கு மேல உங்களுக்கு வகுப்பு வேண்டாம். அந்தம்மாகிட்டப் போங்க."

பஸ் ஸ்டாப் வரை ஜக்கரியா காக்கா கூட நடந்து வந்தார். தம்மோடு கல் வியாபாரம் செய்யும் நெஜ்மி என்பவர் அந்தக் கரைப்பக்கத்துக்காரர், போய்ப் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

அக்டோபர் 14, சனி

போகவில்லை. மழை.

அக்டோபர் 16, திங்கள்

போகவில்லை. சர்க்கரை 212.

அக்டோபர் 19, வியாழன்

பேக்கரி வாசல் வரை போனேன். டெல்பின் உள்ளே பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கடையில் கூட்டம். திரும்பிவிட்டேன். கூட்டம் என்றால் மூன்று பேர்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. வடிவு என் பேனாக்களையும் மூக்குக் கண்ணாடியையும் பூஜையில் வைத்தாள். மேஜைமேல் இருந்த அந்தக் கோப்பையும் வைத்து, அட்டையில் சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கிறாள். "இவ்வளவு நாளா இதை வச்சுத்தானே மல்லுக்கட்டுதீங்க," என்றாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, விளக்கில் எண்ணெய் விட்டாள். "நாளைக்கு நானும் வரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

காலை பத்து மணிக்கு டெல்பின் வீட்டில். பேக்கரி விடுமுறை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தமிழில் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். தேதிகளைச் சொல்லும்போது நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

தொட்டில் படம் வந்தபோது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசி வரி முடிந்ததும் கேட்டார்.

"பத்தொன்பது நாளா?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க பேப்பர்ல போட்டது சரிதான்."

"சரிதான்."

"எல்லாரும் என்னைப் பைத்தியம்னாங்க. அதையே பிடிச்சுத் தொங்குதாளேன்னாங்க." கோப்பைக் கையில் வாங்கினார். அட்டையில் இருந்த சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது எப்ப வந்துச்சு அண்ணாச்சி?"

"தொண்ணூத்தொன்பது. ஜூலை ஆறு."

கணக்குப் போட்டார். உதடு அசைந்தது தெரிந்தது.

"அந்த வாரம் நான் ஆபீசுக்கு வந்தேன். நல்ல வெயில். ரின்சி அழுதான்னு நீங்க கலர் சோடா வாங்கிக் குடுத்தீங்க."

"ஆமா."

"ஒன்னும் வரலைம்மான்னு சொன்னீங்க."

"ஆமா."

ஏன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். பதிலை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கேட்கவில்லை. நான்கு பக்கத்தையும் வரிசைப்படுத்தி அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கிழவி எட்டு மாசமா தண்ணி ஊத்தியிருக்கு. யாரோ பெத்த பிள்ளைக்கு. நான் இங்க மாதாகிட்ட, அவரு வரணும் வரணும்னு வருஷக்கணக்கா ஜெபமாலை சொல்லியிருக்கேன். செத்தவருக்கு ஒரு பூசை வைக்கலையே. ஒரு மெழுகுதிரி கொளுத்தலையே." குரல் உயரவில்லை. "சார், நீங்க கிளம்புங்க."

இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக சார் என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்துப் பத்தாவது வாக்கியத்துக்கு வினை எழுதினேன். 'தர்' வேண்டியிருக்கவில்லை. அடித்துவிட்டு எழுதினேன்: இருபத்துநான்கு வருடம் மறைத்தேன்.

அக்டோபர் 26, வியாழன்

பங்குக் கோயில் அலுவலகத்தில் விசாரித்தேன். நேற்று மாலை டெல்பின் வந்து, கல்லில் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எழுத்தர் அவர் சொன்னதை அப்படியே சொன்னார்: "அவருக்குக் கல்லறை இருக்கு ஃபாதர்."

கடிதத்தை வைத்து நாலு பத்திச் செய்தி எழுதி, மறைத்தது யார் என்பதையும் சேர்த்து, என் பழைய பத்திரிகைக்குக் கொடுத்தேன். இப்போதைய பொறுப்பாளர், "இது இப்ப நியூஸா சார்?" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

நெஜ்மி அடுத்த வெள்ளிக்கிழமை கராயாலிக்குப் போகிறார் என்று ஜக்கரியா காக்கா போன் செய்தார்; வடிவு போய் டெல்பினிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். மாலை நாலரைக்குப் போனேன். கூட்டம் அதிகம். சாமந்தி, மெழுகுவர்த்திப் புகை. புதுக் கல்லில் முப்பத்தேழு பெயர், எண்ணினேன். அதற்குமேல் உள்ளே போகாமல் வாசலுக்குத் திரும்பிப் பூக்கடை ஓரமாக நின்றேன்.

டெல்பின் தன் அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபித்துவிட்டு வெளியே வந்தார். கையில் பற்றவைக்காத ஒன்று. என்னைப் பார்த்தார். தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார்.

"அந்த ஆளு நாளைக்குத்தானே போறாரு?"

"ஆமா. வெள்ளிக்கிழமை காலையில போறதாச் சொல்லியிருக்கார். நமக்குச் சாயங்காலம் நாலரைக்குள்ள தெரிஞ்சிரும். போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கு."

"போட்டோ அப்புறம் எடுக்கட்டும்," என்றார். "முதல்ல தண்ணி ஊத்தச் சொல்லுங்க."

மெழுகுவர்த்தியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

ஜக்கரியா காக்காவுக்குப் போன் செய்து அதே வார்த்தைகளில் சொன்னேன். அவர் நெஜ்மிக்குச் சொல்லிவிட்டு, ஐந்து நாற்பதுக்குத் திரும்பக் கூப்பிட்டு உறுதி செய்தார்.

இனித் தெரியவேண்டியவை. கல்லறை இருக்கிறதா, பலகை மிஞ்சியிருக்கிறதா, நூர்ஹான் உயிரோடு இருக்கிறாரா, ஜெபமாலையும் படங்களும் இன்னும் அந்த அலமாரியில் இருக்கின்றனவா: நாளை மாலை நாலரைக்குள். என் செய்தியைப் பத்திரிகை போடுமா: திங்கட்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். டெல்பின் என்னை மறுபடி அண்ணாச்சி என்று கூப்பிடுவாரா: தேதி எதுவும் சொல்லப்படவில்லை. நானும் கேட்கவில்லை.